ஒற்றைப்படையும் இரட்டைப்படையும்

ஓய்வு பெற்றவனையும் வாட்ஸ்அப் குழுவில் வைத்திருப்பது பெரிய மரியாதை என்று எங்கள் ஆபீஸ் பிள்ளைகள் நினைக்கிறார்கள். எனக்கு அது தலைவலி. காலையில் பூ படம், சாயங்காலம் சம்பள உயர்வு வதந்தி. எப்போதாவது ஒரு நல்ல கேள்வி வரும். போன வாரம் ஒரு பெண் கேட்டிருந்தாள். கூட்ட நேரத்தில் போன்களைத் தடுத்து நிறுத்துகிறோமே, அதில் அழைக்கிற போனுக்கு ஒரு விதி, வந்த அழைப்புக்குப் பதில் சொல்கிற போனுக்கு வேறொரு விதி என்று எதற்குப் பிரித்து வைத்திருக்கிறார்கள், இரண்டும் ஒன்றுதானே என்று. நாலைந்து பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டினார். நானும் பதில் எழுத ஆரம்பித்தேன். பத்து வரி தாண்டியதும் அழித்துவிட்டேன். பூ படத்துக்கும் வதந்திக்கும் நடுவில் வைக்கிற சங்கதி இல்லை அது.

இரண்டும் ஒன்றில்லை அம்மா. அது எங்களுக்குத் தெரியவந்த விதத்தைச் சொல்கிறேன்.

என் படிப்பு பாலிடெக்னிக். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெருவைத் தோண்டி கேபிள் ஒட்டினேன். செல்போன் வந்ததும் சென்னையில் சில வாரம் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்கள். திரும்பி வந்ததும் திருவண்ணாமலைக்குப் பொறுப்பு என்றார்கள். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கற்றுக்கொண்டதெல்லாம் பௌர்ணமிகளில்தான்.

மற்ற ஊர்களில் நெட்வொர்க் என்றால் இத்தனை ஜனத்தொகை, இத்தனை டவர் என்று கணக்குப் போட்டு முடித்துவிடலாம். எங்கள் ஊரில் மாதத்துக்கு ஒரு நாள் அந்தக் கணக்கைக் கிழித்துப் போட வேண்டும். மலையைச் சுற்றும் பாதையில் அன்றைக்கு ஊர் ஊராக ஜனம் நடக்கும். கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம். அத்தனை பேர் சட்டைப் பையிலும் மடியிலும் ஒரு போன்.

நான் பொறுப்பேற்ற புதிதில் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் வார்டு மெம்பர் ஆபீஸுக்குள் வந்து மேஜையைத் தட்டினார். "டவரு ஃபுல்லா காட்டுது, ஒரு போன் கூட போவல. இன்னா சார் வெச்சிருக்கீங்க, பொம்மை டவரா?" என்றார். சிரிப்பு வந்தாலும் அவர் கேட்டதில் தப்பில்லை. அதற்கான பதிலை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பின்னால் சொல்லப் போவது இது தெரிந்தால்தான் புரியும்.

கையில் இருக்கும் போன் எந்நேரமும் டவரோடு இணைப்பில் இருப்பதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. சும்மா இருக்கும் போன் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்கும். டவர் ஓயாமல் எதையாவது ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். அது எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதைத்தான் திரையில் கோடுகளாகப் பார்க்கிறோம். முழுக் கோடு என்றால் டவர் பேசுவது போனுக்குக் கேட்கிறது என்று அர்த்தம். போன் பேசினால் டவருக்குக் கேட்குமா என்பது வேறு கதை. பேச வேண்டுமென்றால் போன் முதலில் ஒரு பொதுவான வழியில் போய்த் தட்ட வேண்டும். "நான் இருக்கேன், எனக்கு ஒரு இணைப்பு வேணும்" என்று ஒரு சின்னச் செய்தி, அவ்வளவுதான். டவர் அதைக் கேட்டு, ஆள் யாரென்று பார்த்து, ஒரு தனித் தடத்தைக் கொடுக்கும். பேசி முடித்ததும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குத்தான் சிக்னலிங் என்று பெயர். என் பிழைப்பு முழுக்க அதுதான்.

இரண்டு போன் ஒரே நேரத்தில் தட்டினால் இரண்டுமே டவருக்குக் கேட்காது. கொஞ்சம் பொறுத்து இரண்டும் மறுபடி தட்டும். ஆயிரம் போன் தட்டினால்? கேட்காததால் மறுபடி தட்டும், தட்டுவதால் இன்னும் கேட்காது. பேசுவதற்கு இடம் காலியாகவே இருக்கும், உள்ளே போகிற வழியில்தான் நெரிசல். மெம்பர் பார்த்த பொம்மை டவர் இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்கு யாராவது போன் செய்தால், டவர் உங்கள் போனைப் பேர் சொல்லிக் கூப்பிடும். உங்கள் போன் அதைக் கேட்டுவிட்டு "இதோ இருக்கேன்" என்று சொல்ல அதே வழியில்தான் வந்து தட்ட வேண்டும். கூப்பிடுகிறவரும் தட்ட வேண்டும், கூப்பிடப்படுகிறவரும் தட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மணி அடிக்கும். இது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த விஷயம். பரீட்சையில் எழுதித் தேறியிருக்கிறோம்.

நெரிசலுக்கு மருந்தும் உண்டு. பாரிங் என்போம். ஒவ்வொரு சிம்முக்குள்ளும் வாடிக்கையாளருக்குத் தெரியாத ஒரு எண் இருக்கும். அதன் கடைசி இலக்கத்தை வைத்து எல்லா போன்களும் பத்துக் கூட்டமாகப் பிரிந்திருக்கும். எந்தெந்தக் கூட்டம் இப்போது தட்டக் கூடாது என்று டவர் தன் ஒலிபரப்பிலேயே சொல்லிவிடலாம். அந்தப் போன்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கும். கோடு மட்டும் முழுசாகக் காட்டும். அவசர எண்ணுக்கு மட்டும் விதிவிலக்கு.

ஆரம்பத்தில் இதை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினோம். டவர் திணறினால் கைக்கு வந்த மூன்று நாலு கூட்டத்தை நிறுத்துவோம். அந்தத் துரதிர்ஷ்டசாலிகள் கிரிவலம் முடித்து வீட்டுக்குப் போகும்வரை போன் பேச மாட்டார்கள். யாருக்கும் காரணம் தெரியாது. சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வார்கள்.

ஹெலன் மேடம் வந்த பிறகுதான் இது மாறியது.

வேலூரிலிருந்து மாற்றலாகி எங்களுக்கு மேலதிகாரியாக வந்தவர் அவர். குரல் அவ்வளவு மெதுவாக இருக்கும், மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் முன்னால் குனிந்துதான் கேட்க வேண்டும். திட்ட மாட்டார். ஆனால் அவர் அறைக்குள் போகப் பயப்படாதவர் ஒருவரும் கிடையாது. காரணம் அவர் வைத்திருந்த ஒரு வழக்கம். டவரில் எந்த மாற்றம் செய்வதாக இருந்தாலும், பட்டனை அழுத்துவதற்கு முன்னால் அவர் எதிரே நின்று வாயால் சொல்ல வேண்டும். என்ன கட்டளை என்பதை இல்லை. அதனால் வெளியே இருக்கும் ஒரு ஆளுக்கு என்ன ஆகும் என்பதை.

ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள் நான் போய், இணைப்பைத் திரும்ப வாங்கும் டைமரைக் குறைக்கப் போகிறேன் என்றேன்.

"அது மெஷினுக்கு. ஆளுக்கு என்ன ஆகும் மாணிக்கம்?"

"தடம் சீக்கிரமா காலியாகும் மேடம்."

"அதுவும் மெஷினுக்குத்தான். ஒரு அம்மா போட்டோ அனுப்பறாங்க. அனுப்பிட்டு, நல்லா விழுந்துச்சானு பாத்துட்டு, அடுத்ததை அனுப்பறாங்க. அவங்களுக்கு என்ன ஆகும்?"

யோசித்தேன். "பாக்கற நேரத்துல இணைப்பை நாம புடுங்கிடுவோம். அடுத்த போட்டோவுக்கு மறுபடி வந்து தட்டணும்."

"நாளைக்குக் கூட்டத்துல தட்டறது ஜாஸ்தியாகணுமா, கம்மியாகணுமா?"

நான் வெளியே வந்தேன். அந்த டைமர் அப்படியே இருந்தது. அன்றைக்கு எரிச்சலாக இருந்தாலும், அதன் பிறகு எந்தக் கட்டளையைத் தட்டினாலும் எனக்கு ஒரு ஆள் முகம் தெரிய ஆரம்பித்தது. அவர் கையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

பாரிங்கை ஒழுங்கு செய்ததும் மேடம்தான். யாரையும் முழு நேரமும் வெளியே நிறுத்தக் கூடாது என்றார். பத்துக் கூட்டத்தையும் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டாகப் பிரித்தார். கொஞ்ச நேரம் ஒற்றைப்படைக்கு வழி, இரட்டைப்படைக்குத் தடை. பிறகு மாற்று. சில நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். எல்லாருக்கும் முறை வரும், ஒருவருக்கும் அநியாயம் இல்லை. எப்போதும் போல எங்களை நிற்க வைத்து வாயால் சொல்லச் சொன்னார். "ஒருத்தருக்கு இப்ப கிடைக்கலனா கொஞ்ச நேரத்துல கிடைக்கும் மேடம்" என்று ஆளாளுக்குச் சொன்னோம். ஆபீஸில் சோதனைக்கென்று வைத்திருந்த இரண்டு போனை வைத்துச் சோதித்தோம். வழி திறந்தபோது ஒன்றிலிருந்து மற்றதற்கு மணி அடித்தது. அடைத்தபோது அடிக்கவில்லை. எதிர்பார்த்தது போலவே நடந்ததால் மேடம் கையெழுத்துப் போட்டார்.

அந்த வருஷத் தீபத்துக்கு மலையைச் சுற்றியிருந்த எல்லா டவரிலும் காலையிலிருந்தே அதை ஓட்டினோம். எங்கள் நினைவில் முதல் முறையாக நெட்வொர்க் விழவில்லை. ஆபீஸ் கணினித் திரையில் வரைபடக் கோடுகள் ஏறும், இறங்கும், விழாது. மலை மேல் தீபம் தெரிந்ததும் தெருவே அரோகரா என்று அதிர்ந்தது. ஆபீஸில் பாதிப் பேர் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். மேடம் திரையை விட்டு எழவில்லை. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. கூட்டம் கூடும் மற்ற ஊர்களிலும் இதையே செய்யச் சொன்னார்கள். எனக்கும் ரொம்பப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்த சமயம், ஏழுமலை வந்தார்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். புகார் வாங்கும் கவுன்டருக்கு அதற்கு முன்பே சில தடவை வந்து திரும்பியிருக்கிறார். அன்றைக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டதால் என்னிடம் அனுப்பினார்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எம் போனு தீபத்தன்னைக்கு ஆன்லதான் இருந்துச்சுனு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க சார். எம் பொண்ணுகிட்ட காட்டணும்."

என்ன விஷயம் என்று கேட்டேன். அவரும் அவர் மனைவி அஞ்சலையும் ஊர் ஜனத்தோடு கிரிவலம் வந்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை. அடி அண்ணாமலை வரும்போதே கால் வலி என்று உட்கார்ந்துவிட்டார். நீ முன்னால போ, நான் மெதுவா வரேன், முடியலனா போன் பண்றேன் என்று சொல்லியிருக்கிறார். இவர் குபேர லிங்கத்துக்கிட்ட நிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறார். அங்கே போய் நின்றார். பகல் போய் வெயில் சாய்ந்தும் அந்த அம்மா வரவில்லை. போனும் வரவில்லை. கூட்டத்தை எதிர்த்துத் திரும்பி நடந்தபோது, அடி அண்ணாமலையில் ஒரு மோர்க் கடை ஓரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். தூங்குகிறார் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் ரொம்ப நேரம் நினைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு இவர் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

"அவ போன்ல பாத்தா வரிசையா எனக்குப் போட்டிருக்கா சார். அவளுக்கு நம்பர் போடத் தெரியாது. பச்சை பட்டனை ரெண்டு வாட்டி அமுக்குவா, கடைசியா யார்கிட்ட பேசினாளோ அவங்களுக்குப் போவும். எனக்கு ஒண்ணு கூட வரல. நான் கையில புடிச்சுகினு நின்னேன். டவரு ஃபுல்லு."

"நீங்க ஒரு தடவை போட்டுப் பாத்திருக்கலாமேங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"முடியலனா போன் பண்றேன்னு சொன்னா இல்ல? டவரு ஃபுல்லா இருக்குது, போன் வரல. அப்ப நல்லா வந்துகினு இருக்கானுதானே சார் அர்த்தம்?"

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மகள் கலைவாணி வேங்கிக்காலில் புதுக் குடியிருப்பில் இருக்கிறாள். தாய் போன மறுநாளே போனைப் பார்த்துவிட்டு, அம்மா கூப்பிட்டப்ப நீ அணைச்சு வெச்சிருந்த என்று தகப்பனிடம் சொன்னவள், அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கருமாதியில் கூட எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேரப்பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை.

"அவ சொல்றதும் நியாயம்தான் சார். சீட்டுக்கு உக்காந்தா நான் போனை அமத்தி வெச்சிடுவேன். ஊருக்கே தெரியும். அதான் யாரும் நம்ப மாட்டேன்றாங்க. ஆனா அன்னைக்கு இல்ல. அன்னைக்கு நான் சீட்டைத் தொடக்கூட இல்ல. அவ கூப்ட்டிருக்கா, ஏதோ லைன் கெடைக்கல. அதை நீங்க சொன்னா எம் பொண்ணு கேப்பா."

சிஸ்டத்தில் பார்த்தேன். கவுன்டரில் ஏன் அவரைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள் என்று புரிந்தது. அந்த அம்மாவின் அழைப்புகள் எங்களிடம் வந்திருந்தன. டவர் ஒவ்வொரு முறையும் ஏழுமலையின் போனைக் கூப்பிட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் போனிலிருந்து பதில் இல்லை. அணைத்து வைத்த போனுக்கு எப்படிப் பதிவாகுமோ அப்படியே பதிவாகியிருந்தது. எழுதிக் கொடுப்பதானால் அவருக்கு எதிராகத்தான் எழுதிக் கொடுக்க முடியும்.

அதைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போது அந்த அழைப்புகள் வந்திருந்த விதம் கண்ணில் பட்டது. கொத்தாக வந்திருந்தன. ஒரு கொத்து, இடைவெளி, அடுத்த கொத்து, இடைவெளி. அவை பாரிங் மாறிய நேரங்கள், அந்த அம்மாவின் சிம் இரட்டைப்படை. சரி, அவர் முறை வந்தபோதெல்லாம் வழி கிடைத்திருக்கிறது, நம் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று நினைத்தேன். சும்மா ஒரு நிச்சயத்துக்காக ஏழுமலையின் சிம் எண்ணையும் பார்த்தேன். ஒற்றைப்படை.

இரண்டு எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். அவரை வெளியே உட்கார வைத்து டீ வாங்கித் தரச் சொல்லிவிட்டு, மேடம் அறைக்குப் போனேன். நின்றபடியே வாயால் சொன்னேன். இரட்டைப்படைக்கு வழி திறந்தால் அந்த அம்மா அழைக்கிறார். டவர் புருஷனைக் கூப்பிடுகிறது. அந்த நேரத்தில் ஒற்றைப்படைக்குத் தடை. அவர் போன் கூப்பிடுவதைக் கேட்கிறது, ஆனால் "இதோ இருக்கேன்" என்று வந்து தட்ட அதற்கு அனுமதி இல்லை. மணி அடிக்காது. பிறகு ஒற்றைப்படைக்குத் திறக்கிறோம், அந்த அம்மாவுக்கு அடைத்துவிடுகிறோம். விடியும்வரை ஓட்டினாலும் அந்த இருவரும் பேசியிருக்க முடியாது.

மேடம் உடனே நம்பவில்லை. நம்பக் கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

"உங்க சிம் என்ன?"

"ஒற்றைப்படை மேடம்."

"என்னுது இரட்டை. உக்காருங்க."

எங்கள் கட்டடத்துக்குள் மட்டும் எட்டுகிற ஒரு சின்ன டவர் சோதனைக்காக இருந்தது. நடுப்பகலில் அதில் அந்த ஏற்பாட்டை ஓடவிட்டோம். என் முறை வந்ததும் நான் மேடத்துக்குப் போட்டேன். அவர் போன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் மேஜை மேல் கிடந்தது, கோடு முழுசாக. என் காதில் எங்கள் நெட்வொர்க்கின் பதிவு செய்த பெண் குரல் சொன்னது: நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது அல்லது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார், போட்டேன். பிறகு முறை மாறியது. அவர் எனக்குப் போட்டார். அதே குரல். மறுபடி நான். மறுபடி அவர். எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் அணைந்து கிடப்பதாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"நாம டெஸ்ட் பண்ண ரெண்டு போன்?" என்று கேட்டார்.

"ரெண்டுமே இரட்டைப்படை மேடம்."

மேடம் போனைக் கவிழ்த்து வைத்தார். "ஒருத்தர் வெளிய நின்னா அவருக்கு என்ன ஆகும்னுதான் நான் உங்க எல்லாரையும் கேட்டேன். ஒரு போன் பேச ரெண்டு பேர் வேணும். நான் ஒருத்தரைத்தான் நினைச்சிருக்கேன்" என்றார். கிரிவல ஜனத்துக்குள்ளேயே ஒருவரையொருவர் தேடியவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கு இதுதான் நடந்திருக்கும். அவர்களெல்லாம் எப்படியோ சந்தித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். லைன் கிடைக்காததை மறந்தும் இருப்பார்கள்.

அவர் முதலில் செய்தது அந்த முறையை நிறுத்தியதுதான். பதில் சொல்கிற போனை மட்டும் தடுக்காமல் விடும் தனி விதி அப்போது கிடையாது, அது பின்னால் வந்தது. ஒரு நேரத்தில் பத்தில் இரண்டு கூட்டத்துக்கு மட்டும் தடை, அது வரிசையாகச் சுற்றி வரும், எந்த இருவருக்கும் சேர்ந்தாற்போல் வழி திறந்திருக்கும் நேரம் உண்டு என்று புதிதாக எழுதினார். ஒற்றைக்கு ஒற்றை, ஒற்றைக்கு இரட்டை, இரட்டைக்கு இரட்டை என்று எல்லா ஜோடியையும் சோதித்தோம். அதை மற்ற ஊர்களுக்கும் அனுப்பிய பிறகுதான் மேலிடத்துக்குப் போன் செய்தார். நான் எதிரேதான் இருந்தேன். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது அவர் பதிலிலிருந்தே தெரிந்தது. எழுத்தில் எதுவும் தர வேண்டாம். வாய்வார்த்தையாகவும் வேண்டாம். ஒருவருக்குச் சொன்னால் ஊரே வரும். மேடம் "சரிங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்தார். உடனே கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அவரைக் கூப்பிடுங்க மாணிக்கம். அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போலாம்."

நான் தயங்கினேன். எனக்குப் பயம்தான், மறைப்பானேன். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த காலம் அது. நீங்கள் வர வேண்டாம் என்று மேடம் சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, நான் வருவேன் என்று எடுத்துக்கொண்டார்.

ஆபீஸிலிருந்து வேங்கிக்கால் கூப்பிடு தூரம்தான். வழியெல்லாம் ஏழுமலை ஆட்டோவில் முன் சீட்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார். அவரிடம் மேடம் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தார். அவருக்கு ஒற்றை, இரட்டையெல்லாம் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தப்பு அவர் மேல் இல்லை என்பது மட்டும் புரிந்திருந்தது. சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டே வந்தார். மகள் வீட்டு வாசலில் இறங்கியதும், கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார்.

கலைவாணி கதவைத் திறந்தாள். எங்களுக்குப் பின்னால் யார் நிற்பது என்று பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. மேடம் தான் யார் என்று சொன்னார். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, வழக்கத்தை விடவும் மெதுவான குரலில் பேசினார்.

"கூட்ட நேரத்துல எல்லா போனையும் நாங்க ஒரே சமயத்துல உள்ள விட மாட்டோம்மா. பாதியை நிறுத்தி வெச்சு மாத்தி மாத்தி விடுவோம். உங்கம்மாவுக்குத் திறந்து விட்டப்ப எல்லாம் உங்கப்பாவுக்கு மூடியிருந்துச்சு. உங்கப்பாவுக்குத் திறந்தப்ப அம்மாவுக்கு மூடியிருந்துச்சு. அந்த மாதிரி வெச்சது நான்தான்."

அந்தப் பெண் வாசல் பக்கம் பார்த்தாள். "அப்ப அவரு அணைச்சு வெக்கலயா?"

"இல்ல. ஆன்லதான் இருந்துச்சு. அவரே போட்டிருந்தாலும் அம்மா போன் அணைஞ்சிருக்குனுதான் அவருக்கும் கேட்டிருக்கும். டவர் முழுசா இருக்கும்போது அவருக்குச் சந்தேகம் வரவே வழியில்ல."

"நீங்க அவருக்குத் தெரிஞ்சவங்களா?"

"இன்னைக்குத்தான் பாக்கறேன். இதை வெளிய சொல்லக்கூடாதுனு எங்க ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. சொல்லாம இருக்க முடியலம்மா."

கலைவாணி எழுந்தாள். எங்களைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், திட்டினாலும் நியாயம்தான். அவள் எங்களைத் தாண்டி வெளியே போய் கேட்டைத் திறந்தாள். "உள்ள வாப்பா" என்றாள். அவர் அசையாமல் நின்றதால் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் காலடியிலேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே, "போவுதும்மா, போவுது, நீ இன்னா பண்ணுவ" என்றார். அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது. நாங்கள் கிளம்பலாம் என்று எழுந்தோம். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டோம் என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

"நான் சும்மா சொல்லலப்பா" என்றாள் அவள் அழுகைக்கு நடுவே. "அந்த மோர்க் கடைக்காரம்மா எங்கிட்ட சொன்னாங்க. அம்மா போனைக் காதுல வெச்சுப் பாத்துட்டு, அணைச்சு வெச்சிருக்காரு, சீட்டுக்கு உக்காந்துட்டாரு போலனு சொன்னாங்களாம். அவங்க கடைசியா பேசினதே அதுதானாம். அதைக் கேட்டதுல இருந்துதான்பா எனக்கு உன் மூஞ்சைப் பாக்க முடியல. உங்கிட்ட சொல்லவும் மனசு வரல."

மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

ஏழுமலை நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். கோபம் துளியும் இல்லை. வழி தெரியாதவர் விசாரிக்கிறது மாதிரிதான் கேட்டார்.

"எம் பொண்ணுக்கு நீங்க வந்து சொல்லிட்டீங்கம்மா. அஞ்சலைக்கு யாரு போய்ச் சொல்றது?"